வண்டி ஓடும் நேரம், வண்டி நிற்கும் நேரம்

டீ வரட்டும் தம்பி, உட்கார். அவசரமில்லாமல் பேச வேண்டிய விஷயம் இது.

ஆஸ்திரேலியாவின் நடுவில் அவுட்பேக் என்று விரிந்து கிடக்கும் வறண்ட பூமியை பைக்கிலேயே கடக்கணும், கங்காருவையும் ஈமுவையும் ரோட்டோரத்தில் பார்க்கணும், அதற்கு என்னென்ன தெரிந்திருக்கணும் என்று கேட்டாய். நல்ல ஆசை. பணமும் விசாவும் நீண்ட லீவும் கூடி வரும்போது போய் வா. அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. அந்தப் பயணத்துக்கு வேண்டிய பயிற்சி நம்ம பள்ளிப்பட்டில் தொடங்கி, நகரி மலையடிவாரம் வழியாகப் பழவேற்காடு ஏரி வரைக்கும் போகிற ரோட்டிலேயே கிடைக்கிறது. ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 150 கிலோமீட்டர். அந்த ரோடு சொல்லித் தருவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: காட்டு உயிர்கள் நடமாடும் நேரத்தில் உன் வண்டி நிற்கணும், அவை ஓய்ந்திருக்கும் நேரத்தில் உன் வண்டி ஓடணும். ஏன் அப்படி என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அந்த ஊர்க் கதை. ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் பத்தில் ஏழு பங்கு வறண்டதோ, பாதி வறண்டதோதான். தெற்கே போர்ட் அகஸ்டாவிலிருந்து வடக்கே டார்வின் வரை போகும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை 2,700 கிலோமீட்டருக்கு மேல் நீளம். மேற்குப் பக்கம் போகிற ஐர் நெடுஞ்சாலையில் ஓரிடத்தில் 146.6 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூடக் கிடையாது. எதிரே வரும் லாரி நம்ம ஊர் லாரி இல்லை. மூன்று நான்கு டிரெய்லர்களைக் கோத்த ‘ரோடு டிரெயின்’, நீளம் 53.5 மீட்டர் வரை இருக்கும். குறுக்கே கங்காரு வந்தால் அதனால் சட்டென்று நிற்க முடியாது, ஒதுங்கவும் முடியாது. அதனால்தான் அதன் முகப்பில் கனத்த இரும்புத் தடுப்பு வைத்திருக்கிறார்கள். பைக்குக்கு அப்படித் தடுப்பு ஏது? வளர்ந்த ஆண் செங்கங்காரு 85 கிலோ எடை வரும். அது தாவி வந்து மோதினால் ஓட்டுகிறவன் பிழைப்பது கடினம். ஆகவே அங்கே பழகியவர்கள் பொழுது சாய்ந்ததும் வண்டியை ஓரங்கட்டிவிடுவார்கள். ஊர் எல்லைக்கு வெளியே இரவில் ஓட்டக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கும் வாடகை வண்டிக் கம்பெனிகளும் உண்டு.

இங்கே ஒன்றைக் கவனி. கங்காரு பகல் வெயிலில் புதர் நிழலில் படுத்துக் கிடக்கும். அந்தியிலும் இரவிலும் விடியற்காலையிலும்தான் மேய வரும். அதுவும் ரோட்டோரத்துக்கே வரும். காரணம் எளிது. அபூர்வமாக ஒரு மழை பெய்தால், தார்ரோட்டின் மேல் விழும் தண்ணீர் முழுவதும் இரண்டு ஓரங்களுக்கும் வழிந்து ஓடுகிறது. சுற்றுவட்டாரம் காய்ந்து கிடக்கும்போது அந்த ஓரத்தில் மட்டும் பச்சைப்புல் முளைத்து நிற்கும். பசித்த விலங்கு புல் இருக்கும் இடத்துக்கு வருகிறது. அதற்கு ரோடு என்பது தெரியாது, புல் மட்டும்தான் தெரியும்.

இப்போது நம்ம பக்கம் வருவோம். இதைப் பொட்டல் பூமி என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது மனதுக்கு ஒப்புவதே இல்லை. ஊர் எல்லையைத் தாண்டி வடக்கே பார்த்தால் நகரி மலைத்தொடர் நிற்கிறது. அதன் பாறை குவார்ட்சைட், நூறு கோடி ஆண்டுக்கும் மேல் பழையது. மலையில் செங்குத்தாக நீட்டிக்கொண்டிருக்கும் நகரி மூக்கு, அந்தக் காலக் கப்பல்காரர்கள் கடலிலிருந்து அடையாளம் வைத்துக்கொண்ட சிகரம். இந்தப் பக்கத்துக் குவார்ட்சைட் கூழாங்கற்களைக் கொண்டுதான் பூண்டி அருகே அத்திரம்பாக்கத்தில் ஆதி மனிதர்கள் கைக்கோடரி செய்தார்கள். ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் கண்டெடுத்த இடம் அது. சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் அங்கே தோண்டி, அந்தக் கருவிகளின் காலம் 15 லட்சம் ஆண்டு வரை போகிறது என்று 2011-இல் வெளியிட்டார்கள். அத்தனை காலமாக மனிதனும் விலங்கும் சேர்ந்து நடந்த பூமி இது. வெறும் பொட்டலில் யார் அத்தனை காலம் வாழ்வார்கள்?

இன்றைக்கும் அந்தப் புதர்க்காடு உயிரோடுதான் இருக்கிறது. துரிஞ்சி, காரை, களா, சூரை, இலந்தை, ஆவாரை, ஈச்சம்புதர் என்று இடுப்பளவிலிருந்து ஆளுயரம் வரை வளர்ந்த முள்காடு. அதில் நரி உண்டு, முயல் உண்டு, காட்டுப்பன்றி, புள்ளிமான், கீரி, உடும்பு, மயில், கௌதாரி, காடை உண்டு. இரவில் மட்டும் வெளியே வரும் அழுங்கு உண்டு. மரத்தில் மெல்ல நகரும் தேவாங்கு உண்டு. கண்ணாடி விரியனும் சுருட்டையும் நாகமும் சாரையும் உண்டு. மழைக்குப் பின் நட்சத்திர ஆமை புல் மேய வரும். இவை எதுவும் பகல் பன்னிரண்டு மணிக்கு உனக்காக வரிசையில் நிற்காது. அதனால்தான் வேகமாகப் போகிறவன் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டு போய்விடுகிறான்.

வழியைச் சொல்கிறேன். நம்ம ஊர் 1960 ஏப்ரல் 1 வரைக்கும் ஆந்திராவில் இருந்தது. ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு வந்த எல்லை மாற்றத்தில்தான் திருத்தணியோடு சேர்ந்து தமிழ்நாட்டுக்கு வந்தோம். எல்லை மாறினாலும் வீட்டுக்கு வீடு தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்குவதால், அந்தப் பக்கம் போய் வழி கேட்பதில் உனக்குக் கஷ்டம் இருக்காது. இங்கிருந்து நகரி, புத்தூர், நாராயணவனம், பிச்சாட்டூர், நாகலாபுரம், சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை. இந்தத் தூரத்தில் பாதிக்கு மேல் ஆரணி ஆறு உன் கூடவே வரும். பிச்சாட்டூர் அணையில் தேங்கி, சுருட்டப்பள்ளியில் பள்ளிகொண்ட சிவன் கோயிலைத் தொட்டு, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியாக அந்த ஆறு பழவேற்காடு ஏரியில் சேர்கிறது. நீ ஊத்துக்கோட்டையில் ஆற்றை விட்டு வடக்கே திரும்பி, சத்தியவேடு, வரதய்யபாளையம், தடா வழியாகச் சூளூர்ப்பேட்டைக்குப் போய் அதே ஏரியை மேல்பக்கத்தில் பிடிக்கிறாய்.

இந்த ரோட்டில் உயிர்கள் ஏன் ஏறுகின்றன? கங்காருவுக்குச் சொன்ன ரோட்டோரப் புல் இங்கேயும் பொருந்தும். முயலும் மானும் அதற்காக வரும். இரண்டாவது காரணம், தாரின் சூடு. பகலெல்லாம் வெயில் குடித்த தார், சூரியன் இறங்கி இரண்டு மூன்று மணி நேரம் ஆனாலும் வெதுவெதுப்பாக இருக்கும். பாம்புக்கும் பல்லிக்கும் தன் உடம்புக்குள் சூடு உண்டாக்கிக்கொள்ளும் வழி இல்லை. வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும். ஆகவே அவை தாரில் வந்து நீட்டிப் படுக்கும். மூன்றாவது காரணம் நாமே உண்டாக்கியது. வேர்க்கடலையையும் நெல்லையும் கம்பையும் ரோட்டில் காயப்போடுகிறோம். சிந்தின தானியத்துக்கு எலியும் புறாவும் மயிலும் வரும். எலிக்குப் பாம்பு வரும். பாம்புக்குக் கீரி வரும். நான்காவது, மழை. முதல் மழை விழுந்த இரவில் தவளையும் நண்டும் ஏரிக்கரைக்கும் வயலுக்குமாக ரோட்டைக் கடக்கும். காலையில் போய்ப் பார், தாரோடு தாராக நசுங்கிக் கிடக்கும். ஐந்தாவது, செத்துக் கிடப்பதைத் தின்ன வருகிறவை. காக்கை, பருந்து, நரி, நாய் என்று ஒன்று செத்த இடத்தில் இன்னொன்று சாகும்.

நேரக் கணக்குக்கு வருவோம். அந்தியும் விடியலும் ஏன் மோசம்? விலங்குகள் அதிகம் நடமாடுவது அப்போதுதான். நம்ம கண் மிகவும் தடுமாறுவதும் அப்போதுதான். வெளிச்சமும் இல்லை, முழு இருட்டும் இல்லை, ஹெட்லைட் போட்டாலும் எடுபடாது. இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்துவிடுகின்றன. முழு இருட்டில் வேறொரு சிக்கல். இரவில் உலவும் விலங்குகள் பலவற்றுக்கு விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று இருக்கிறது. கொஞ்ச வெளிச்சத்தை இரண்டு முறை பயன்படுத்திக்கொள்ள இயற்கை செய்த ஏற்பாடு. அந்தக் கண்ணில் உன் ஹெட்லைட் முழு வெளிச்சத்தில் அடித்தால் அதற்கு ஒன்றுமே தெரியாமல் போகிறது. மான் நடுரோட்டில் அசையாமல் நிற்பதற்குப் பெரிய காரணம் இதுதான்.

பக்கி என்கிற பறவையைப் பார்த்திருக்கிறாயா? இந்த வட்டாரத்தில் இரவில் போகிறவன் அதைத் தாண்டாமல் போக முடியாது. பார்க்கத் தெரியாததால் பார்த்திருக்க மாட்டான். தூரத்தில் தார்மேல் ஒரு சிவந்த நெருப்புப் பொறி தெரியும். யாரோ பீடித்துண்டு போட்டுவிட்டுப் போனதாக நினைப்பாய். வண்டியைக் குறைத்து, லைட்டை டிம் செய்து, பத்தடி தூரத்தில் நிறுத்திப் பார். காய்ந்த சருகின் நிறத்தில், புள்ளியும் கோடுமாக, தரையோடு ஒட்டிப் படுத்திருக்கும். அலகு சிறுசுதான், ஆனால் வாயைத் திறந்தால் கண்ணுக்குக் கீழ்வரை பிளக்கும். அந்த வாயைத் திறந்துகொண்டே பறந்துதான் அது விட்டில்களையும் வண்டுகளையும் பிடிக்கிறது. தாரின் மேல் உட்கார்ந்தால் வானத்தின் வெளிச்சத்தில் பூச்சி பறப்பது நன்றாகத் தெரியும், அடியில் சூடும் கிடைக்கும். வண்டி மிக நெருங்கிய பிறகுதான் எழும்பும். அறுபது எழுபது வேகத்தில் போகிறவனுக்கு அந்த நெருக்கம் போதாது.

எது போதும், எது போதாது என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். 80 கிலோமீட்டர் வேகத்தில் உன் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. குறுக்கே ஒன்று வந்ததைக் கண் பார்த்து, மனம் புரிந்துகொண்டு, கை பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை நொடி என்று வை. அதற்குள் 33 மீட்டர் போய்விட்டது. நல்ல டயர், காய்ந்த ரோடு, பழகிய கை என்றாலும் முழுசாக நிற்க இன்னும் 35 மீட்டருக்குக் குறையாது. ஆகமொத்தம் ஏறக்குறைய 70 மீட்டர். டிம் வெளிச்சத்தில் உனக்கு நன்றாகத் தெரிகிற தூரம் அதில் பாதிதான் இருக்கும். மீதிப் பாதியில் நீ பார்க்காத இடத்துக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறாய். அதே வண்டி 40-இல் போனால், பார்ப்பதற்கும் நிற்பதற்கும் சேர்த்து 26 மீட்டர் போதும். வேகத்தைப் பாதியாக்கினால் பிரேக் போட்டபின் ஓடும் தூரம் பாதியாகாது, நான்கில் ஒன்றாகும். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால், உன் உயிர், முயலின் உயிர் இரண்டும் பிழைக்கும்.

பொழுதுபோக்குக்கு ஊர் சுற்றுகிறவனுக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் ஸ்ரீசிட்டியிலும் காக்களூரிலும் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு விடியற்காலையில் பைக்கில் வீடு திரும்பும் பையன்கள் எத்தனை பேர்! எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் நின்ற உடம்பு, தூக்கம் சொக்கும் கண், சீக்கிரம் போய்ப் படுக்கணும் என்கிற அவசரம், அதோடு காட்டுப்பன்றி வயலிலிருந்து புதருக்குத் திரும்பும் நேரம். பன்றி பெரும்பாலும் தனியாக வராது. ஒன்று கடந்தால் பின்னால் குட்டிகளோடு இன்னும் நான்கைந்து வரும். முதல் பன்றி போய்விட்டதே என்று முறுக்கினால் இரண்டாவதில் மோதுவாய். ஷிப்ட் முடிந்ததும் கேன்டீனில் ஒரு டீ குடித்து, முகம் கழுவி, நன்றாக வெளிச்சம் வந்தபிறகு கிளம்பு. அரைமணி நேரத் தூக்கம் போனால் மதியம் தூங்கிக்கொள்ளலாம்.

இதைத் தனிமனிதனின் புத்திக்கு மட்டும் விட்டால் போதாது என்று அரசும் கோர்ட்டும் தலையிட்ட இடங்களும் உண்டு. பந்திப்பூர்க் காட்டு வழியாகப் போகும் நெடுஞ்சாலையில் 2009 முதல் இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை போக்குவரத்துக்குத் தடை. நம்ம சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தில், 27 கொண்டை ஊசி வளைவு கொண்ட திம்பம் மலைப்பாதையிலும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரி 10 முதல் இரவுத் தடை வந்தது. அங்கே வண்டியில் அடிபட்டுச் செத்தவற்றில் மான்கள் உண்டு, சிறுத்தைகளும் உண்டு. தடையை எதிர்த்து மலைக்கிராமத்து விவசாயிகள் போராடினார்கள். காய்கறி லாரி நேரத்துக்குப் போகணுமே, ஆஸ்பத்திரிக்குப் போகணுமே என்ற அவர்கள் கவலையும் நியாயமானது. உள்ளூர் மக்களுக்கும் அவசர வண்டிகளுக்கும் விலக்குக் கொடுத்துத்தான் அப்படிப்பட்ட தடை நிலைக்க முடியும். நம்ம நகரி ரோட்டுக்குத் தடை எதுவும் இல்லை. அதனால் அந்தத் தடையை நாமே நமக்குப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மலைக்குள் போகும் ஆசை வரும். கைலாசகோனா, சதாசிவகோனா, தடா அருவி என்று பெயர்கள் இழுக்கும். திறந்திருக்கும் இடத்துக்கு, திறந்திருக்கும் நேரத்தில், வனத்துறை சொல்லும் வழியில் மட்டும் போ. அந்த மலைகளின் பாறை இடுக்குகளைப் போன்ற இடங்களில்தான் தங்கப்பல்லி வாழ்கிறது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண்பல்லி பளீரென்று பொன்மஞ்சள் நிறமாகும். பல பெண் பல்லிகள் ஒரே பாறைச் சுவரில் முட்டைகளை ஒட்டிவைக்கும். 1870-இல் பெடோம் என்ற ஆங்கிலேயர் விவரித்த பிறகு நூறு ஆண்டுக்கு மேல் யார் கண்ணிலும் சரியாகப் படாமல், 1980-களில் திருமலையில் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது. அதன் ஒரே உறவு இனம் இலங்கையில் இருக்கிறது. பாறையில் பெயர் கிறுக்குகிறவனும், இடுக்கில் பட்டாசு வைக்கிறவனும் எதை அழிக்கிறோம் என்று தெரியாமலே அழிக்கிறார்கள்.

காட்டுக்குள் இறங்காமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு, அது வேதனையானது. செம்மரம் இயற்கையாக வளர்வது உலகத்திலேயே கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தெற்குப் பகுதியில்தான். அந்த மரத்தை வெட்டக் கூலிக்கு அழைத்துப் போகப்பட்டவர்கள் என்று சொல்லப்பட்ட 20 பேர், 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டதில் செத்தார்கள். எல்லாரும் தமிழ்நாட்டு ஏழை எளியவர்கள். மரத்தில் லட்சம் லட்சமாகச் சம்பாதிக்கிறவன் ஒருவன், செத்துப்போகிறவன் வேறொருவன். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. தமிழ்நாட்டு நம்பர் பிளேட்டோடு பொழுது சாய்ந்தபின் காட்டுப்பாதையில் வண்டியை இறக்குவது எந்த வகையிலும் சரியில்லை. தார்ரோட்டிலேயே இரு, பார்க்க வேண்டியது அங்கேயே போதுமான அளவு இருக்கிறது.

சூளூர்ப்பேட்டையில் காளங்கி ஆற்றைத் தாண்டிக் கிழக்கே திரும்பினால், ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் ரோடு ஏரியின் நடுவிலேயே போகிறது. சிலிகா ஏரிக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய கடலோர உப்புநீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு முனை மட்டும் நம்மிடம். 1971-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ராக்கெட் போனது. அந்த ஏவுதளத்துக்காகப் பலப்படுத்தப்பட்ட இந்த ரோடு ஏரியை இரண்டாகப் பிரித்து, தண்ணீர் தாராளமாகப் போய்வருவதைக் குறைத்துவிட்டது என்கிற குறை உண்டு. கோடையில் வடபக்கம் வறண்டு வெள்ளை உப்புத்தரையாக வெடித்துக் கிடக்கும். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் அதே இடம் முழங்கால் ஆழத் தண்ணீராக மாறும். அப்போதுதான் பூநாரை வரும்.

நவம்பர் முதல் மார்ச் வரை பகலில் அந்த ரோட்டில் நின்று பூநாரைகளைப் பார்க்கலாம். அவை சாப்பிடும் முறையைக் கவனி. நீண்ட கழுத்தை வளைத்து, தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, காலால் சேற்றை மிதித்துக் கலக்கும். மேல் அலகு கீழாக வந்துவிடும். தடித்த நாக்கு முன்னும் பின்னும் வேகமாக அசைந்து தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்தில் நெருக்கமாக இருக்கும் சீப்புப் பல் போன்ற வரிசையில் சிறு இறால் வகைகளும் பாசியும் தங்கிவிடும். அவற்றிலிருக்கும் நிறச்சத்துதான் இறகில் சேர்ந்து ரோஜா நிறம் கொடுக்கிறது. குஞ்சு பிறக்கும்போது சாம்பல் வெள்ளைதான். சரியான உப்பு, சரியான ஆழம், சரியான சேறு மூன்றும் சேர்ந்தால் மட்டுமே அந்த இரை விளையும். ஏரியின் முகத்துவாரம் மண்மேடிட்டு அடைத்துக்கொண்டாலும், ஆற்றில் ஆலைக்கழிவு வந்தாலும் முதலில் தெரிவது இங்கேதான். பழவேற்காட்டு மீனவர்கள் முகத்துவாரத்தைத் தூர்வாரக் கேட்பதும், இந்தப் பறவைகளுக்கு இரை கிடைப்பதும் ஒரே விஷயத்தின் இரண்டு பக்கங்கள்.

அந்த ரோட்டில் ஒரு நாகரிகம் வேண்டும். பாலத்தின் மேல் நிறுத்தாதே. அகலமான ஓரம் பார்த்து நிறுத்தி இன்ஜினை அணை. ஹாரன் அடிக்காதே. பறவைகளைப் பறக்கவைத்துப் படம் எடுக்கச் சிலர் கல்லெறிகிறார்கள், டிரோன் விடுகிறார்கள். ஒருமுறை கூட்டம் எழும்பினால் அது தின்ற இரையின் சத்தில் ஒரு பங்கு வீணாகப் போகிறது. இன்னும் கொஞ்சம் வடக்கே நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் நேலப்பட்டு சரணாலயம்; தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூழைக்கடா கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் இடம். அங்கே நடந்துதான் பார்க்க வேண்டும், அதுதான் அழகும்.

விடியலில்தான் விலங்கு நடமாடும் என்கிறீர்கள், விடியலில் ஓட்டாதே என்றும் சொல்கிறீர்கள், பிறகு எப்படிப் பார்ப்பது என்று நீ கேட்பாய். முதல்நாள் மாலை வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சூளூர்ப்பேட்டையில் தங்கு. விடியலுக்கு முன் எழுந்து, பக்கத்திலிருக்கும் ஏரிக்கரைக்கு நடந்து போய் உட்கார். நீ அசையாமல் இருந்தால் நரி உன்னைத் தாண்டிப் போகும். வழியை உடம்பால் உணரப் பைக்கைவிட நல்ல வண்டி இல்லை. ஆனால் பார்ப்பதற்கு அதை நிறுத்தியாக வேண்டும்.

கூட எடுத்துப்போக வேண்டியவை அதிகம் இல்லை. கணுக்காலை மூடும் பூட்ஸ், முழுமுக ஹெல்மெட், கைக்கு கிளவுஸ், இரண்டு லிட்டர் தண்ணீர், பஞ்சர் கிட், டார்ச். வண்டியை நிறுத்தி இறங்கும்போது காலை எங்கே வைக்கிறோம் என்று பார்த்து வை. விரியன் கடித்தால் கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் கூடாது. கடிபட்ட பாகத்தை அசைக்காமல் நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் விஷமுறிவு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். விழுந்து எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டு பக்கத்திலேயே இருக்கிறது என்று பலர் தைரியம் சொல்வார்கள். தலையில் அடி பட்டிருந்தால் முதலில் ஆஸ்பத்திரி, ஸ்கேன், மற்றதெல்லாம் பிறகு. மழைக்காலத்தில் இன்னொன்று. ஆந்திரப் பக்கம் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்து நம்ம பக்கத்துத் தரைப்பாலங்கள் முழுகிவிடும். தண்ணீர் ஓடும் தரைப்பாலத்தில் எந்தக் காரணத்துக்காகவும் வண்டியை இறக்காதே. குரங்குக்குப் பிஸ்கட் போடாதே. போட்ட இடத்தில் அது அடுத்த வண்டிக்காகக் காத்திருந்து, ஒருநாள் சக்கரத்தில் மாட்டும்.

கடைசியாக ஒரு வேலை சொல்கிறேன், இதை அவசியம் செய். ஆஸ்திரேலியாவில் அடிபட்ட கங்காருவைப் பார்த்தால், பொறுப்புள்ளவர்கள் வண்டியை ஓரமாக நிறுத்தி, அதன் வயிற்றுப் பைக்குள் குட்டி உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு உடலை ரோட்டிலிருந்து இழுத்துப் போடுவார்கள்; இல்லையென்றால் அதைத் தின்ன இறங்கும் பெரிய கழுகு வயிறு நிறைந்த பாரத்தில் சீக்கிரம் எழும்ப முடியாமல் அடுத்த வண்டியில் அடிபடும். நம்ம ரோட்டிலும் அதே கதைதான். செத்த பாம்பையோ முயலையோ கண்டால், பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்து, நீளமான குச்சியால் ஓரத்துப் புதருக்குள் தள்ளிவிடு. ஒரு நிமிஷ வேலை. அந்த ஒரு நிமிஷத்தில் ஒரு பருந்தோ நரியோ பிழைக்கும். அழுங்கோ நட்சத்திர ஆமையோ உயிரோடு கிடைத்தால் வீட்டுக்குக் கொண்டு வராதே, விற்கவும் நினைக்காதே. இரண்டையும் பிடிப்பது பெரிய குற்றம். அடிபடாத ஆமை எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ அந்தத் திசையிலேயே ரோட்டைக் கடத்திவிட்டால் போதும்.

மார்கழியில் போ, வெயில் தாங்கும், ஏரியில் தண்ணீர் இருக்கும், பூநாரை வந்திருக்கும். காலை ஏழு மணிக்கு இங்கிருந்து கிளம்பு, சாயங்காலம் ஐந்து மணிக்குள் வண்டியை நிறுத்திவிடு. இந்தப் பழக்கம் கையிலும் கண்ணிலும் ஊறிவிட்டால், ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் உனக்குப் புதிதாகக் கற்க வேண்டியது தூரம் ஒன்றுதான்.